உட்ஸ்டாக் மேடையேறிய கொங்குச் சாமியார் யார் தெரியுமா?

1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்கிற சிற்றூர். மாக்ஸ் யாஸ்கர் என்னும் பால்பண்ணைக்காரரின் மேய்ச்சல் காட்டில் மேடை. மூன்று நாளில் நான்கு லட்சம் பேர் வரை திரண்ட கூட்டம். வேலி அடைத்து முடிப்பதற்குள் ஜனம் உள்ளே வந்துவிட்டதால், டிக்கெட் கச்சேரி இலவசக் கச்சேரியாகவே மாறிப்போனது. சாலைகள் அடைத்துக்கொண்டதால் கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். உட்ஸ்டாக்! ராக் இசை வரலாற்றில் இதைவிடப் பெரிய பெயர் இல்லை. அந்த மேடையில் நீண்ட தாடியும் துறவுக்கோலமுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து விழாவுக்கு வாழ்த்துரை சொன்னவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்துக்காரர்!

சுவாமி சச்சிதானந்தா. 1914-இல் பிறந்தபோது பெயர் ராமசாமி. கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, மனைவியை இழந்து, பிறகு ரிஷிகேசம் போய்ச் சிவானந்தரிடம் 1949-இல் சந்நியாசம் வாங்கியவர். இலங்கையில் சில காலம் இருந்துவிட்டு 1966-இல் நியூயார்க் போனார். மூன்றே வருஷத்தில் உட்ஸ்டாக். இசை என்பது உலகையே ஆளும் ஓசை என்கிற பொருளில் பேசி, அந்தப் பெருங்கூட்டத்தைத் தன்னோடு சேர்ந்து நாமம் சொல்ல வைத்தார். இன்னொன்றும் தெரியுமா? அதே நாளில்தான், அதே 1969 ஆகஸ்ட் 15-இல்தான், இங்கே இஸ்ரோ தொடங்கப்பட்டது!

இதை உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பேரனிடம் சொல்லிப் பாருங்கள். கைபேசியிலிருந்து தலை நிமிராவிட்டால் கேளுங்கள்!

எங்கள் பேளுக்குறிச்சி கொல்லிமலை அடிவாரத்து ஊர். சனிக்கிழமைச் சந்தைக்கு மிளகும் மல்லியும் கடுகும் வாங்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். வருஷத்துக்கான மளிகைச் சாமானை ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். கிடாரும் டிரம்ஸும் அதிரும் பழைய ராக் கச்சேரிகளுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. அந்த மேடைகளில் நம் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், அந்த மேடைகளில் பலவற்றில் ஒரு பெரியவர் ஒரு சின்னவரின் கையைப் பிடித்து ஏற்றிவிட்ட கதை ஒளிந்திருக்கிறது. அண்ணன் தம்பியை, அப்பா மகனை, அம்மா பிள்ளையை!

உட்ஸ்டாக்கின் அதே முதல் நாள் இரவுக்கு வருவோம். மழை தூறிக்கொண்டிருக்கிறது. சிதார் மேதை ரவிசங்கர் வாசிக்கிறார். பக்கத்தில் தபேலாவோடு உஸ்தாத் அல்லா ரக்கா. அந்த விழாவில் வாசித்த கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட், இந்த அல்லா ரக்காவிடம் தாளக் கணக்குக் கற்றவர் என்பது தெரியுமா? அல்லா ரக்காவின் மகன் யார் தெரியுமா? ஜாகிர் உசேன்! அந்த ஜாகிர், ஆங்கிலேய கிடார் மேதை ஜான் மெக்லாஃப்லினோடு எழுபதுகளில் சேர்ந்து தொடங்கிய குழுதான் 'சக்தி'. மெக்லாஃப்லின் அதற்கு முன்பு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின்கிடாரால் அரங்குகளை அதிர வைத்தவர். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, சாதாரண மரக்கிடாரோடு ஜமுக்காளத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஜமுக்காளத்தில் வயலினோடு எல். சங்கர். கடத்தோடு விக்கு விநாயக்ராம்!

மண்பானை! மின்கிடார்களும் ஆளுயர ஸ்பீக்கர்களும் ஆண்ட காலத்தில், ஒரு தமிழர் மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு அமெரிக்க இளைஞர்களைக் கிறுகிறுக்க வைத்தார். 1975 ஜூலை 5-இல் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரிதான் சக்தியின் முதல் இசைத்தட்டாக வந்தது. இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்த அதே விரல்கள்!

இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. விநாயக்ராமின் அப்பா ஹரிஹர சர்மா 1958-இல் சென்னையில் தாளவாத்தியங்களுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியவர். மகன் விநாயக்ராம், நாம் மேலே பார்த்த மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' இசைத்தட்டில் ஜாகிரோடு சேர்ந்து வாசித்தார். 1992-இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. பேரன் செல்வகணேஷ் கஞ்சிரா எடுத்தார். அப்பா உட்கார்ந்த அதே சக்தி குழுவில், அதே மெக்லாஃப்லினுக்குப் பக்கத்தில், அதே ஜாகிருக்கு எதிரே மகன் உட்கார்ந்தார். 2024 பிப்ரவரியில் சக்தியின் இசைத்தட்டுக்குக் கிராமி கிடைத்தபோது செல்வகணேஷ் அந்தக் குழுவில் இருந்தார். ஜாகிர் அன்று ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். செல்வகணேஷின் மகன் சுவாமிநாதனும் கஞ்சிராக்காரர். தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒரே மேடையில் வாசித்திருக்கிறார்கள். ஆக, உங்கள் பேத்தியோடு உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு கச்சேரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் சக்தியைத்தான் சொல்வேன். ஆங்கிலப் பாட்டு இல்லை, புரியவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. பானையும் கிடாரும் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கின்றன. அது குழந்தைக்கு உடனே பிடிபடும்.

பீட்டில்ஸ் தெரியும். பீட்டில்ஸின் டிரம்மராக ரிங்கோ ஸ்டார் வருவதற்கு முன்பு டிரம்ஸ் அடித்தவர் பிறந்த ஊர் தெரியுமா? மெட்ராஸ்! பீட் பெஸ்ட், 1941 நவம்பர் 24-இல் நம் மெட்ராஸில் பிறந்தார். அவருடைய அம்மா மோனா டெல்லியில் பிறந்தவர். குடும்பம் லிவர்பூலுக்குப் போனது. நகையை அடகு வைத்துக் குதிரைப் பந்தயத்தில் கட்டி, ஜெயித்த பணத்தில்தான் மோனா அங்கே பெரிய வீடு வாங்கினார் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த வீட்டின் நிலவறையை, மகனும் மகனுடைய கூட்டாளிகளும் பாட்டுக் கேட்கட்டும் என்று, 1959 ஆகஸ்டில் ஒரு காபி கிளப்பாகத் திறந்துவிட்டார். திறப்பு நாளில் அங்கே வாசித்த பையன்கள் யார்? ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன்! பெயின்ட் டப்பாவைக் கையில் எடுத்து அந்த நிலவறைக்கு வண்ணம் அடித்ததும் அவர்கள்தான். உலகம் பீட்டில்ஸை அறிவதற்கு முன்பே ஒரு அம்மா அவர்களுக்கு மேடை கொடுத்துவிட்டார். "வீட்டுக்குள்ள என்னடா சத்தம்" என்று ஒரு வார்த்தை அவர் அதட்டியிருந்தால்? நினைக்கவே பதறுகிறது!

நம் பக்கத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஊர் ஊராகக் கச்சேரி செய்தபோது கூட்டிக்கொண்டு போனது யாரை? தம்பிகளை! அப்படி அண்ணன் கூட்டிப் போன சிறுவன்தான் இளையராஜா. அவர் 2025 மார்ச் 8-இல் தம்முடைய சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினாரே, அந்த அரங்கம் எது தெரியுமா? இன்றைக்கு அதன் பெயர் அப்போலோ. ராக் ரசிகர்களுக்கு அது ஹாமர்ஸ்மித் ஓடியன்! 1973 ஜூலை 3-இல் டேவிட் போவி, ஜிக்கி ஸ்டார்டஸ்ட் என்கிற தன் புகழ்பெற்ற வேஷத்துக்கு விடை கொடுத்தது அங்கேதான். 1975 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் குவீன் குழுவின் கச்சேரியை பிபிசி நேரலையில் ஒளிபரப்பியதும் அங்கிருந்துதான். அம்மாவையும் அப்பாவையும் தங்கள் இளமையில் மயக்கிய ராஜாவும், மகன் காதில் மாட்டிக்கொண்டு திரியும் குவீனும் ஒரே மேடையில் நின்றவர்கள். வீட்டில் இரண்டு தலைமுறைக்கும் பேச்சுத் தொடங்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

குவீன் என்றதும் நினைவுக்கு வருவது லைவ் எய்ட் என்கிற நிதிக் கச்சேரி. 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், சுமார் 72,000 பேர். குவீனுக்குக் கிடைத்தது இருபது நிமிஷம் சொச்சம்தான். பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா, பார்சிக் குடும்பம், மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவர், அவருடைய முதல் இசைக்குழு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே உருவானது! வெம்ப்ளியில் அவர் ஒரு ராகத்தை இழுத்து நிறுத்துகிறார், மைதானமே திருப்பிப் பாடுகிறது. மறுபடி இழுக்கிறார், மறுபடி பாடுகிறது. நம் கொங்கு நாட்டு வள்ளி கும்மியில் வாத்தியார் ஓரடி எடுத்துக் கொடுக்க, பாட்டியும் பேத்தியுமாக வட்டம் கட்டி நிற்பவர்கள் வாங்கிப் பாடுகிறார்களே, அதே முறைதான். கும்மிக்குப் போய்வரும் பிள்ளைக்கு ஃப்ரெடி அந்நியரே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இருபது நிமிஷம்தான் சரி. மூன்று மணி நேரக் கச்சேரியை எடுத்த எடுப்பில் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள்!

அப்பா பிள்ளை என்றால் லெட் செப்பலினை விட முடியுமா? அந்தக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம் 1980 செப்டம்பரில் இறந்தார். குழு கலைந்தது. மகன் ஜேசனுக்கு அப்போது 14 வயது. இருபத்தேழு வருஷம் கழித்து, 2007 டிசம்பர் 10-இல், லண்டனில் ஒரே ஓர் இரவுக்கு மட்டும் குழு மீண்டும் மேடையேறியபோது, டிரம்ஸில் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தது அந்த ஜேசன்! அந்த ஒற்றைக் கச்சேரிக்கு டிக்கெட் கேட்டு இரண்டு கோடி விண்ணப்பங்கள் குவிந்தன. கின்னஸ் சாதனை! 1976-இல் வந்த அந்தக் குழுவின் கச்சேரிப் படத்தில், பொடியன் ஜேசன் குட்டி டிரம்ஸ் அடிக்கும் காட்சி வருகிறது. 2012-இல் வெளியான 'செலிப்ரேஷன் டே' படத்தில் அதே ஜேசன் வளர்ந்த மனிதராக அப்பாவின் அடிகளை அடிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். இதே குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972-இல் பம்பாய்க்கு வந்து, உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்துத் தங்கள் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜார்ஜ் ஹாரிசனின் கதை இன்னும் நெருக்கமானது. வங்கதேச அகதிகளின் துயரத்தைக் கண்டு ரவிசங்கர் அவரிடம் உதவி கேட்க, 1971 ஆகஸ்ட் 1-இல் நியூயார்க்கில் இரண்டு காட்சிகள் நடந்தன. நிதிக்கான பெரிய ராக் கச்சேரிகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான். சிதாரைச் சுருதி சேர்த்து முடித்ததற்கே கூட்டம் கைதட்டிவிட்டது. ரவிசங்கர் நன்றி சொல்லி, இதுவே இவ்வளவு பிடித்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாகச் சொல்லிச் சிரிக்க வைத்தார்! அந்தக் கச்சேரிப் படத்தில் இந்த இடம் வரும்போது சின்னவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஹாரிசன் 2001 நவம்பர் 29-இல் மறைந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து லண்டனில் நண்பர்கள் கூடி அஞ்சலிக் கச்சேரி நடத்தினார்கள். அங்கே கிடாரோடு நின்றது மகன் தானி ஹாரிசன். அப்பாவின் முகம் அச்சாக! இந்திய வாத்தியக் குழுவை வழிநடத்தியது ரவிசங்கரின் மகள் அனுஷ்கா. தகப்பன்மார் இருவரின் நட்பை, பிள்ளைகள் இருவரும் மேடையில் தொடர்ந்தார்கள்.

சரி, இதெல்லாம் வெறும் ஆசைதானா, நாம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் மனசில் உண்மையிலேயே ஒட்டுமா? ஒட்டும்! அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி வயது இளைஞர்களுக்கு 1955 முதல் 2009 வரை ஒவ்வொரு காலத்திலும் முன்னணியில் இருந்த பாட்டுகளைப் போட்டுக் காட்டி, எது நினைவில் இருக்கிறது, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளுக்கு மதிப்பெண் ஏறியதில் வியப்பில்லை. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்துப் பாட்டுகளுக்கும் வரைபடத்தில் ஒரு மேடு எழுந்தது! அந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அது அவர்களுடைய அப்பா அம்மாவின் இளமைக் காலம். அறுபதுகளின் பாட்டுகளுக்கும் இன்னொரு மேடு. ஏறக்குறையத் தாத்தா பாட்டி தலைமுறை. வீட்டில் பெரியவர்கள் கேட்ட இசை, கூடவே இருந்த குழந்தையின் நினைவில் தன் நினைவாகவே பதிந்துவிடுகிறது. உபதேசம் செய்யவில்லை, பாடம் எடுக்கவில்லை. கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்!

ஷில்லாங்கில் லூ மஜாவ் என்கிற பாடகர் 1972 முதல் ஒவ்வொரு மே 24-ஆம் தேதியும் பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடுகிறார் தெரியுமா? அந்த மலை ஊரில் அரை நூற்றாண்டாக நடக்கிறது. முதல் வருஷம் கேட்ட இளைஞர்கள் இன்றைக்குத் தாத்தாக்கள்!

இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதலாவது, காது. 1976-இல் லண்டனில் தி ஹூ குழுவின் கச்சேரி, மேடையிலிருந்து 32 மீட்டர் தள்ளியும் 126 டெசிபல் இருந்ததாகக் கின்னஸில் ஏறியது. காது கெடும் என்பதால் பிறகு கின்னஸ்காரர்கள் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அந்தக் குழுவின் கிடார்க்காரர் பீட் டவுன்ஷெண்ட் காது இரைச்சலால் நெடுங்காலம் அவதிப்பட்டவர். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபலில் தாங்கும் நேரம் பதினைந்தே நிமிஷம். நம் நோம்பிக் கச்சேரிகளிலும் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். நேரடிக் கச்சேரிக்குப் போனால் காதுக்கு மாட்டும் சத்தத் தடுப்பானை வாங்கிப் போடுங்கள். இரண்டாவது, உட்ஸ்டாக் திரைப்படம். மார்ட்டின் ஸ்கார்சேசி உதவி இயக்குநராகவும் தொகுப்பாளர்களில் ஒருவராகவும் வேலை செய்த, ஆஸ்கர் வாங்கிய, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அருமையான ஆவணப்படம். ஆனால் குழந்தைகளோடு பார்க்கக்கூடாத காட்சிகளும் போதைப் பழக்கமும் அதில் உண்டு. பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு, சாந்தானா குழு வாசிக்கும் பகுதியை மட்டும் எடுத்துப் போடுங்கள். டிரம்ஸ் அடிக்கும் மைக்கேல் ஷ்ரீவுக்கு அன்று வயது 20. குழுவின் முதல் இசைத்தட்டுக்கூட இன்னும் கடைக்கு வரவில்லை. அந்தப் பையனின் கைகளைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பிள்ளை அண்டா குண்டானைத் தேடி எழுந்துவிடும்!

வானத்திலும் ஒரு கச்சேரி போய்க்கொண்டிருக்கிறது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களில் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு வைத்தார்களே, அதில் சக் பெரியின் ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்று இருக்கிறது. அதே தட்டில் நம் கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. சூரியக் குடும்பத்தின் கோள்களை எல்லாம் தாண்டி இரண்டும் சேர்ந்தே பறக்கின்றன!

கடைசியாக, எங்கள் மலையின் சொத்து. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் காட்டில் ஒரு இசைக்குழு வாசித்த கச்சேரி பற்றி வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார், தெரியுமா? 152-ஆம் பாட்டு. காட்டில் எதிர்ப்பட்ட ஒரு வேடனின் வில் திறத்தைக் கண்டு வியந்த குழுத்தலைவர், கூட்டாளிகளுக்கு ஒவ்வொரு வாத்தியமாகச் சொல்லி ஆயத்தப்படுத்துகிறார்: முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை. தாளமும் நரம்பும் துளையுமாக முழு பேண்ட்! வேடனோ, வேறு யாருமில்லை, ஓரியேதான். மான்கறியும் பொன்னும் மலையின் மணிகளும் அள்ளிக் கொடுக்கிறான். பேளுக்குறிச்சிக் கூவைமலையில் பழனியாண்டவரும் வேடன் கோலத்தில்தான் நிற்கிறார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஓரியின் ஒற்றை அம்பு யானையில் தொடங்கி வரிசையாக ஊடுருவிக் கடைசியில் தைத்தது எதை? புற்றில் கிடந்த உடும்பை! செல்வகணேஷ் வாசிக்கும் கஞ்சிராவுக்குக் காலங்காலமாகப் போர்த்திய தோல் எது? அதே உடும்புத்தோல்! இப்போது உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் வேறு தோலுக்கும் செயற்கைத் தகட்டுக்கும் மாறி வருகிறார்கள்.

ஆடி 17, 18-இல் செம்மேட்டில் ஓரி விழா நடக்கும்போது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறுங்கள். போகிற வழியில், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, வன்பரணரின் அடுத்த பாட்டின் கதையையும் சொல்லுங்கள். 153-ஆம் பாட்டு. ஓரியிடம் பரிசு வாங்கப் போனவர் தனி ஆள் இல்லை. ஆடுகிற பாடுகிற சுற்றத்தார் கூட்டமாகவே போகிறார்கள். பொன்னால் செய்த குவளைப்பூவும் அணிகலனும் யானைகளும் கிடைக்கின்றன. பசி தீர்ந்த களிப்பில் அந்தக் குடும்பம் மொத்தமும் ஆட முடியாமல், பாடவும் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டதாம்!